மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது

அந்தப் பலகையில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. மூன்றும் பொய்.

கல்முனை வீதியால் போகிறவர்களுக்குப் பலகையும் தெரியாது, கோயிலும் தெரியாது. வீதியிலிருந்து கடற்பக்கமாக ஒரு மணல் ஒழுங்கை இறங்குகிறது. இரண்டு பக்கமும் வீடுகள். வீடுகள் முடிந்து தென்னைகளும் முடிகிற இடத்தில், கடலுக்குக் கிட்ட, அந்தக் கத்தோலிக்கக் கோயில் நிற்கிறது. வெள்ளைச் சுவர், தடித்த தூண்கள், இடது பக்கம் சதுரமான மணிக்கோபுரம். வாசலில் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து. இது ஸ்பானிய அரசர் கட்டுவித்த கோயில் என்கிறது முதல் வாக்கியம். அன்று முதல் இன்றுவரை அசையாமல் நிற்கிறது என்கிறது இரண்டாவது. ஆழிப்பேரலை வந்த நாளில் இதன் மணி ஒலித்து ஊர்மக்களைக் காத்தது என்கிறது மூன்றாவது.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரைக் கோயில் பார்க்கக் கூட்டிப் போனேன். அவர் மூன்றையும் உரத்து வாசித்துவிட்டு, பலகையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு பொய்களையும் சுருக்கமாக முடித்துவிடலாம். போர்த்துக்கேயர் எங்கள் வாவிக்குள் இருக்கிற புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். டச்சுக்காரரான ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். இடைப்பட்ட பத்து வருடமும் போர்த்துக்கலின் முடி ஸ்பானிய அரசரின் தலையில் இருந்தது உண்மை. 1580இலிருந்து 1640வரை அப்படித்தான் இருந்தது. அந்த அரசருக்கு எங்கள் வாவி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் கோயில்களை நிம்மதியாக நிற்க விட்டவர்களும் அல்லர். இன்று நிற்கிற சுவர் பின்னால் வந்த ஆங்கிலேயர் காலத்தது. அதன் அடியில் பழைய அத்திவாரம் ஒன்று இருக்கலாம். இருக்கிறது என்று சொல்கிறவர்களில் ஒருவரும் தோண்டிப் பார்த்ததில்லை. திருத்த வேலைக்கு ஸ்பெயினிலிருந்து உதவி வந்ததும், கோயிலை ஸ்பானிய அரசர் கட்டியதாக ஆகிவிட்டது. உதவி போர்த்துக்கலிலிருந்து வந்திருந்தால் போர்த்துக்கேயக் கோயிலாகவே இருந்திருக்கும்.

மூன்றாவது வாக்கியம் அப்படியல்ல. அது ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டிய கல்.

அவர் என் மனைவியின் அக்கா. எனக்கு மச்சாள். நான் சைவன், என் மனைவியின் வீட்டார் வேதக்காரர். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரை அப்படித்தான் சொல்வது. மச்சாளின் கணவர் அந்தக் கோயிலைத் திறந்து பூட்டி மணியடித்து வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்குப் போனவர் வரவில்லை. வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை. அன்று மாலை மணியடிக்க ஆளில்லாமல் போனது. மச்சாள் எழுந்து போய் அடித்தார். மறுநாளும் அடித்தார். பிறகு அது அவருடைய வேலையாகிவிட்டது.

அந்த மணிக்கு முறைகள் உண்டு. விடியலிலும் உச்சியிலும் மாலையிலும் மும்மூன்றாக அடிப்பது திருந்தாதிச் செபத்துக்கு. பூசைக்கு அடிப்பது வேறு. சாவுக்கு, ஓர் அடி அடித்து, அதன் நாதம் முழுதாக அடங்கும்வரை பொறுத்து அடுத்த அடி. வேதக்காரர், சைவர் என்றில்லாமல் ஊரில் எல்லாருக்கும் இந்த மூன்றும் தெரியும். நான்காவது ஒன்றைப் போர் கொண்டுவந்தது. முறையில்லாமல், மூச்சு விடாமல், கயிறு கைக்கு வந்தபடி இழுப்பது. அதை யாரும் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கவில்லை. சுற்றிவளைப்புக்கு ஆமி வாகனங்கள் ஒழுங்கையில் திரும்பியபோது யாரோ பயத்தில் இழுத்தார்கள். சனம் கோயிலுக்கு ஓடியது. ஷெல் விழத் தொடங்கிய ஒரு மாலை மறுபடி இழுத்தார்கள். தடித்த சுவர் என்று மறுபடி ஓடியது. வீட்டில் இருந்தவனை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். கோயிலில் இருந்தவனை, பூசை வைக்கிற சுவாமி பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கக் கொஞ்சம் யோசித்தார்கள். அந்தக் கொஞ்ச யோசனையில்தான் அந்த ஊர் பல வருடம் உயிர் வாழ்ந்தது. பின்னாளில் இருட்டியதும் சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் எங்கள் மொழி பேசியவர்கள். அவர்களுக்கும் அதே மணிதான்.

ஆக, அந்த மணி ஓயாமல் கேட்டால் அடுப்பை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, என்ன ஏது என்று பார்க்காமல் கோயிலுக்கு ஓடவேண்டும். நின்று பார்த்தவர்கள் இல்லாமல் போனார்கள். பார்க்காமல் ஓடியவர்கள் தங்கினார்கள். பதினைந்து வருடம் ஒரு ஊரை இப்படிப் பழக்கினார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். காலைப் பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போய்விட்டது. கோபுரத்தில் கட்டியிருந்த நட்சத்திரக் கூட்டின் தாள் காற்றில் கிழிந்திருந்தது. அதை அவிழ்க்க மச்சாள் மேலே ஏறினார். ஒன்பது மணியை ஒட்டியிருக்கும். மேலே நின்று கடலைப் பார்த்தார். கடல் எழும்பி வந்துகொண்டிருந்தது.

கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது மணி. அடித்தார்.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறேன். கோபுரத்தின் உச்சியில் கண்ணெதிரே கடல் வருகிறதைக் கண்ட எந்த மனிதப் பிறவியும் அந்த மணியைத்தான் அடித்திருக்கும். சனம் வெளியே வந்து பார்க்கும், பார்த்துவிட்டு வீதியைத் தாண்டி வாவிப்பக்கம் ஓடும் என்று நினைத்துத்தான் அவர் அடித்தார்.

சனம் வெளியே வந்தது. பார்க்கவில்லை. வீதியோரத்து வீடுகளில், தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாத வீடுகளில் இருந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் கிழக்கே, கோயிலை நோக்கி, கடலை நோக்கி ஓடிவந்தார்கள். மச்சாள் மணியை விட்டுவிட்டுக் கத்தினார். "'வராதீங்க! அங்கால ஓடுங்க!' எண்டு கத்தினன் மச்சான், தொண்டையில ரத்தம் வாறமாதிரிக் கத்தினன்" என்பார் என்னிடம். கடலின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. மேலே நின்று கையை அசைத்ததைக் கண்ட சிலர், கெதியாக வரச் சொல்கிறார் என்று எண்ணி இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள்.

முன்னால் வந்த சிலர் கோயிலுக்குள் புகுந்து, பாடகர் நிற்கிற மேல்மாடத்தில் ஏறிவிட்டார்கள். அவர்கள் தப்பினார்கள். ஒழுங்கையில் வந்துகொண்டிருந்தவர்கள் தப்பவில்லை. மச்சாள் கோபுரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

கடல் வந்துபோன இரண்டாவது வாரம் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து மேல்மாடத்தில் தப்பியவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். மணி காப்பாற்றிய மக்கள் என்ற கதை அந்தப் படத்திலிருந்து பிறந்தது. ஒழுங்கையில் போனவர்களைப் படம் எடுக்க முடியாதுதானே.

ஊர் மச்சாளை ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாரே வந்து, "நீ என்னக்கா செய்வாய்" என்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்தான் தன்னை விடவில்லை. தண்ணீர் வற்றிய சில நாட்களில் மறுபடி கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்கைக் கழற்றி, சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பூசைக்கு ஒரு தண்டவாளத் துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினார். சுவாமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

அடுத்த பங்குனியில், 2005 மார்ச் 28 அன்று, மறுபடி கடல் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் மிஞ்சியிருந்த சனம் முழுவதும் வாவிப்பக்கம் ஓடியது. கடல் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஊரில் பலருடைய கால்கள் புதிய திசை ஒன்றைக் கற்றுக்கொண்டன. பழையதை மறந்தனவா என்று யாருக்கும் தெரியாது. மச்சாளுக்கு மட்டும் அந்த யோசனை இருந்தது.

"இனி இந்த மணி கேட்டா ஒருத்தனுக்கு ஆமி வாறமாதிரிக் கேக்கும், ஒருத்தனுக்குக் கடல் வாறமாதிரிக் கேக்கும். நான் சாகும்வரைக்கும் அது ஊமையாக் கிடக்கட்டும்" என்றார். அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான். கணவரைத் தேடித் தரும்படி கேட்டுக் களைத்துவிட்டவர். வீடு கேட்கவில்லை. மணியை அடிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டார்.

2009 வைகாசியில் போர் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் 2007இலேயே முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டு முறையும் வெடி கொளுத்தினார்கள். வீதித் தடைகள் எடுபட்டன. கொழும்பிலிருந்து வான்களில் ஆட்கள் வந்து கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஸ்பெயின் உதவி வந்து கோயிலுக்குப் புது ஓடும் புதுச் சாந்தும் ஆயிற்று. மார்கழியில் திறப்புவிழா என்றார்கள். கோயில் சபைத் தலைவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், பலகைக்கு வாசகம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். நான் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மணி அடித்ததையும், சனம் எந்தப் பக்கம் ஓடியது, ஏன் ஓடியது என்பதையும் எழுதினேன்.

ஒரு கிழமை கழித்து வந்தார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். மச்சாளும் அன்று எங்கள் வீட்டில்தான், குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாசிச்சன். நல்லாத்தான் இரிக்கி. ஆனா செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரி இரிக்கி."

"செத்தவங்கட கதைதானே."

"சனம் வந்து பாக்கணும் ஐயா. றோட்டத் திறந்திட்டானுகள். பஸ் பஸ்ஸா வாறானுகள். கோயில் ஆக்களக் காப்பாத்தின எண்டு போட்டா கும்பிட்டுட்டுப் போவான். கூப்பிட்டுச் சாகக் குடுத்த எண்டு போட்டா ஆரு வருவான்?"

"கோயில் சாகக் குடுத்த எண்டு நான் எழுதல்ல. சனத்த அப்பிடிப் பழக்கினவங்களத்தான் எழுதியிருக்கன்."

"அது இன்னும் மோசம்!" என்று சிரித்தார். "திறந்து வைக்கிறதுக்கு வாறதே அவங்கட ஆள்தான். மேல்மாடத்தில ஏறித் தப்பினவங்க இரிக்காங்களா இல்லையா?"

"இரிக்காங்க."

"மறுகா என்ன?"

ஸ்பானிய அரசரைப் பற்றி நான் தொடங்கினேன். 1580, 1640 என்று விரலை மடக்கினேன். என் மனைவி இடையில் விழுந்தாள். "இஞ்ச, ராசாவ விடுங்க. அவர் செத்து முந்நூறு வருசத்துக்கு மேல. உயிரோட இரிக்கிறவளப் பாருங்க."

மச்சாள் மீன் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"தம்பி, நீ விரும்பினத எழுது. ஸ்பெயின் ராசா எண்டு எழுது, சந்திரனில இருந்து வந்த ராசா எண்டு எழுது. மணிய மட்டும் அடிக்காத."

"அக்கா, அஞ்சு வருசமாத் தண்டவாளத்தத் தட்டித் தட்டிப் பூச வைக்கம். பள்ளிக்கூடம் விட்டமாதிரி. பக்கத்து ஊர்ச்சனம் சிரிக்கிது."

"சிரிக்கட்டும். சிரிச்சு ஆரும் சாகல்ல."

"நாக்கத் தாங்கக்கா. வாற பெரியாள் மணி அடிச்சுத்தான் திறக்கப் போறார். ஸ்பெயினில இருந்து வாற நோனாவும் வீடியோ எடுக்கப்போறா."

"தரமாட்டன்."

"அப்ப நான் கம்மாலையில வேற அடிப்பிப்பன்."

"அந்தச் சனத்துக்கு இன்னும் காது சரிவரல்லடா" என்றார் மச்சாள். குரல் உயரவில்லை. "நீ கடையில இருக்கிறாய். அண்டைக்கு நீ டவுனில நிண்டாய். உனக்குத் தெரியா."

அவர் தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்து போனார். இரும்படிக்கிற கம்மாலையில் புது நாக்கு செய்வித்தார். என் இரண்டு பக்கங்களும் மூன்று வாக்கியங்களாகிக் கல்லில் ஏறின.

திறப்புவிழா அன்று மச்சாள் போகவில்லை. நானும் போகாமல் இருந்திருப்பேன். கல்லில் என்ன பொறித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் போனேன். ஒழுங்கை முழுக்க வண்ணக்கொடி. கோயில் முன்றலில் பந்தல் போட்டு, துணி போர்த்திய கதிரைகள் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களில் அந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. ஊர்ச்சனத்தில் பாதிப்பேர் வீட்டில் இருந்தார்கள். வரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை என்றார்கள். பொலிஸ்காரர் ஒழுங்கையின் வாயில் நின்று சைக்கிள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த பெரியவர் நாடா வெட்டினார். பலகையின் திரையை விலக்கினார். பிறகு கோபுரத்தின் அடியில் கொண்டுபோய்க் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். முதல் இழுப்பு மெல்லியதாக இருந்தது. வீடியோக்காரர் இன்னும் என்று சைகை காட்டினார். தலைவர் சொன்னார்: "விடாம இழுங்க சேர். விடாம."

விடாமல் இழுத்தார். முறையில்லாமல், மூச்சு விடாமல், கயிறு கைக்கு வந்தபடி.

நான் பந்தலின் ஓரத்தில் நின்றேன். ஒழுங்கை முழுவதும் எனக்குத் தெரிந்தது. ஐந்து வருடம் கேளாத அந்தச் சத்தம் போன திசையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதியவர்கள் கோயிலை நோக்கி ஓடிவந்தார்கள். இளம் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிப்பக்கம், வாவிப்பக்கம் ஓடினார்கள். ஒரே ஒழுங்கை. ஒரு பக்கம் ஷெல்லுக்குப் பயந்து வருகிற சனம், மறுபக்கம் கடலுக்குப் பயந்து போகிற சனம். நடுவில் முட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் பக்கம் இழுத்தார். அவள் பிள்ளையோடு கதறிக்கொண்டு மற்றப் பக்கம் இழுத்தாள். ஒரு பெரியம்மா விழுந்தார். அவருக்கு மேலாகச் சைக்கிள் ஒன்று விழுந்தது. இடுப்பு உடைந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலை நோக்கி ஓடிவருகிற கிழவர்களைக் கண்டு, சனம் விழாவுக்கு ஓடிவருகிறது என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் சொல்வதை மிகை என்று நினைப்பவர் அந்த வீடியோவைப் பார்க்கட்டும். கை தட்டுகிறார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த அம்மாள் மட்டும் தட்டவில்லை. அவர் எழுந்து நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவோ சரியில்லை என்று அவருக்காவது பட்டது.

"நிப்பாட்டுங்க!" என்று நான் கத்தினேன். நான் ஏதோ குழப்பம் விளைவிக்கிறேன் என்று ஒரு பொலிஸ்காரர் என் தோளைப் பிடித்தார்.

மணியை நிறுத்தியவர் மச்சாள். வீட்டில் போட்டிருந்த பழைய சட்டையோடு, வெறுங்காலோடு, அந்த நெரிசலுக்குள்ளால் எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது. நேரே கோபுரத்தடிக்குப் போய்ப் பெரியவரின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். பறிக்கவில்லை, வாங்கினார். சிறுபிள்ளையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல. பெரியவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். மணியடிப்பவர் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். அவர் நினைத்ததில் பிழையில்லை. மச்சாள் ஏணியில் ஏறினார். தலைவர் கீழே நின்று, "அக்கா, இறங்குங்கக்கா, மானத்த வாங்காதீங்க" என்று கெஞ்சினார். மேலே இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் புது நாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். எண்ணெய்கூடக் காயாத இரும்பு. சட்டையெல்லாம் கறுப்பு.

யாரையும் ஏசவில்லை. ஒழுங்கையில் விழுந்து கிடந்த பெரியம்மாவின் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். இரும்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்டுமில்லக்கா. ஆமியும் இல்ல, கடலும் இல்ல. போட்டோ எடுக்காங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர்களின் கல்லில் பொறித்திருக்கலாம்.

விழா தொடர்ந்தது. தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்கள். விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு முச்சக்கர வண்டி. பந்தலுக்குப் பின்னால் நின்ற அத்தனை வாகனங்களில் ஒன்றுகூட அசையவில்லை. அடுத்தநாள் செய்தியில் சனம் திரண்டு வந்தது என்று எழுதினார்கள்.

சபைத் தலைவர் நாக்கைத் திருப்பிக் கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பினார். கடைசியில் தானே வந்தார். முதற் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது. அந்தப் பெரியம்மா அவருடைய சொந்தத் தாயின் தங்கை என்பதை இதற்குமுன் சொல்லியிருக்கவேண்டும். அவர் நாக்கைக் கேட்கவில்லை. சின்னம்மாவுக்கு இனி நடக்க ஏலாதாம் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பலகையை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நான் சபைக்கும் மேலிடத்துக்கும் எழுதியவை எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஸ்பெயின் உதவி திரும்ப வராமல் போகும் என்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் குழம்புவார்கள் என்கிறார்கள். செத்தவர்களின் வீட்டார் அந்த வாக்கியத்தைக் கடந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகிறார்கள். அவர்கள் குழம்பமாட்டார்களாம்.

போன மாதம் என்னோடு வந்த உறவினர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "மணி அடிக்க ஏலாதா?" என்று கேட்டார். பூசைக்கு இன்னமும் தண்டவாளம்தான் என்றேன். திரும்பும் வழியில் அவரை மச்சாள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு நாக்குகளும் கட்டிலின் அடியில் கிடக்கின்றன. பழையது துருப்பிடித்து விட்டது. மச்சாளுக்கு முழங்கால் வலி. ஆனாலும் எழுந்து வந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார்.

புதிய சபை ஒன்று வந்திருக்கிறது, மூன்றாவது நாக்கு செய்யப் போவதாகக் கதைக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"செய்யட்டும்" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டு உறவினரின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "ஏணியில ஏற எனக்கு இன்னும் கால் இரிக்கி."